பொறுப்பும் பொறியும்: பிரித்தானியப் புகையிரத விபத்துக்களின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

பலர் உயிரிழக்கும் விபத்தொன்று நிகழ்ந்ததும் சமூகத்தில் முதலில் எழும் வினா, 'இது யார் செய்த பிழை?' என்பதாகும். அதற்கு விடை காண்பதும் பெரும்பாலும் கடினமன்று. விபத்து நிகழ்ந்த இடத்திற்கு மிக அண்மையில் நின்றவர், நெம்புகோலைத் தவறாக இழுத்தவர், நேரத்தைப் பிழையாக வாசித்தவர் என ஒருவர் எப்பொழுதும் அகப்படுவார். அவர் அகப்பட்டதும் பொதுமக்களின் சினமும் ஒருவாறு தணிந்துவிடும். இன்னொரு வினாவும் உண்டு. ஒரு மனிதனின் கணநேர மறதி நூறுபேரின் மரணமாக மாறக்கூடிய வகையில் அந்த ஒழுங்கை அமைத்தவர் யார் என்பதே அது. தனிமனித பொறுப்பை வலியுறுத்துவோரும் பாதுகாப்பு அமைப்பை வலியுறுத்துவோரும் இவ்விரு வினாக்களையும் எதிரெதிராக நிறுத்தி வாதிடுவது வழக்கம். வரலாற்றடிப்படையில் நோக்குமிடத்து, அவற்றை முதலில் அவ்வாறு எதிரெதிராக நிறுத்தியோர் யாவர், அதனால் நயமடைந்தோர் யாவர் என்பன ஓரளவு தெளிவாகப் புலனாகின்றன.

இவ்வாராய்ச்சிக்குப் பிரித்தானியப் புகையிரதப் பாதைகளின் வரலாறு மிகப் பொருத்தமான களமாகும். 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வர்த்தகச் சபையின் கீழ்ப் புகையிரதப் பரிசோதகர் பதவி ஏற்படுத்தப்பட்டது. இராணுவப் பொறியியற் படையைச் சேர்ந்த அதிகாரிகளே இப்பதவியை வகித்தனர். பாரிய விபத்துக்களைப் பற்றி அவர்கள் எழுதிய அறிக்கைகள் அச்சாகி வெளிவந்தன. கம்பனிகளின் இலாபநட்டத்துடன் அவர்களுக்கு எவ்விதத் தொடர்பும் இருக்கவில்லை. அதேவேளை, புதிய பாதையொன்று திறக்கப்படுவதைப் பிற்போடும் உரிமை நீங்கலாக, கம்பனிகளைக் கட்டாயப்படுத்தும் அதிகாரமும் நெடுங்காலம் அவர்களுக்கு இருக்கவில்லை. ஆலோசனை கூறலாம், மறுபடியும் கூறலாம், அவ்வளவே. இதன் பயனாக, ஆலோசனைக்கும் மறுப்புக்குமிடையே அரைநூற்றாண்டு காலம் நடைபெற்ற வாதம் ஏறக்குறைய முழுமையாக எழுத்தில் எஞ்சியுள்ளது.

1861ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 25ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, தென்னிங்கிலாந்தின் கடற்கரைப் பட்டினமாகிய பிறைற்றனிலிருந்து இலண்டனை நோக்கி மூன்று வண்டிகள் அடுத்தடுத்துப் புறப்பட்டன. ஒரு வண்டி சென்று ஐந்து நிமிடம் கழிந்த பின்னரே அடுத்ததை அனுப்ப வேண்டும் என்பது விதி. ஆனால் அவை 8.28, 8.31, 8.35 ஆகிய நேரங்களில் அனுப்பப்பட்டன. வழியிலிருந்த கிளேற்றன் சுரங்கப்பாதை ஒன்றேகால் மைலுக்குச் சற்றுக் கூடிய நீளமுடையது. அதன் இரு வாயில்களிலும் தந்திக் கருவியுடன் சமிக்ஞையாளர் இருவர் இருந்தனர். ஒரு வண்டி சுரங்கத்தினுள் இருக்கும்வரை இன்னொன்றை உள்ளே விடலாகாது என்பது அவர்களுக்கிடப்பட்ட கட்டளை. தெற்கு வாயிலில் இருந்தவர் அன்று தொடர்ச்சியாக 24 மணிநேர வேலையில் ஈடுபட்டிருந்தார். முழுநாள் ஓய்வொன்றைப் பெறுவதற்கு அவருக்கிருந்த வழி அதுவே.

முதலாவது வண்டி கடந்ததும் தானாகவே அபாயநிலைக்குத் திரும்பவேண்டிய சமிக்ஞை அன்று திரும்பவில்லை. அதனை உணர்த்தும் மணி ஒலித்தது. சமிக்ஞையாளர் வடக்கு வாயிலுக்கு 'வண்டி உள்ளே' எனத் தந்தி கொடுத்துவிட்டுச் சிவப்புக் கொடியை எடுத்து அசைப்பதற்குள் இரண்டாவது வண்டி அவரைத் தாண்டிக்கொண்டிருந்தது. அதன் சாரதி கொடியைக் கண்டாரா இல்லையா என்பது அவருக்குத் தெரியவில்லை. உண்மையிற் சாரதி கொடியைக் கண்டிருந்தார். சுரங்கத்தினுள் வண்டியை நிறுத்தி, காரணம் அறிவதற்காகப் பின்னோக்கி நகர்த்தத் தொடங்கினார். வெளியே நின்றவரோ 'சுரங்கம் வெறுமையா?' என வடக்கு வாயிலை வினவினார். முதலாவது வண்டி வெளியேறியதைக் கண்டிருந்த வடக்குச் சமிக்ஞையாளர் 'வெறுமை' என்று பதிலிறுத்தார். எந்த வண்டியைப் பற்றிய வினா என்பதைக் குறிப்பதற்கு அக்கருவியில் வழியேதும் இருக்கவில்லை. தெற்கிலிருந்தவர் இரண்டாவது வண்டியும் வெளியேறிவிட்டதாகக் கருதி, மூன்றாவது வண்டிக்கு வெள்ளைக் கொடியைக் காட்டினார். 'செல்லலாம்' என்பதற்கு அக்காலத்து அடையாளம் அது. இருட்டினுள் நிகழ்ந்த மோதலில் 23 பேர் இறந்தனர். 176 பேர் காயமுற்றனர்.

இங்கு பிழைவிட்டவர் யார்? மூன்று வண்டிகளையும் ஏழு நிமிடத்துள் அனுப்பிய நிலைய அலுவலர், பழுதடைந்த சமிக்ஞை, ஒரே செய்திக்கு இரு பொருள் கொள்ள இடமளித்த தந்திக் கருவி, 24 மணிநேர வேலை ஆகிய அனைத்தும் இவ்விபத்திற் பங்குபற்றின. மரண விசாரணை யூரர்கள் பிறைற்றனின் உதவி நிலைய அதிபரைக் கைமோசக் கொலைக்குப் பொறுப்பாளியாக்கினர். பின்னர் வழக்கில் அவர் விடுதலை பெற்றார். பரிசோதகரோ வேறொரு பாதையிற் சென்றார். அவரின் கருத்தின்படி, வண்டிகளைக் கடிகாரத்தைக் கொண்டு பிரிப்பதே அடிப்படைக் குறைபாடு. நேரம் வண்டியின் இருப்பிடத்தைக் காட்டாது. ஐந்து நிமிடத்துக்கு முன் புறப்பட்ட வண்டி ஐந்து மைலுக்கு அப்பால் இருக்கலாம். அடுத்த வளைவில் நின்றுகொண்டும் இருக்கலாம். பாதை முழுவதையும் கூறுகளாகப் பகுத்து, ஒரு கூற்றில் ஒரு வண்டியே இருக்கத்தக்கதாகத் தந்தியின் உதவியால் ஒழுங்குசெய்யும் தூர இடைவெளி முறையே தீர்வு என்பது வர்த்தகச் சபையின் நிலைப்பாடு.

இதற்குக் கம்பனி அளித்த மறுமொழி மிகவும் கவனிக்கற்பாலது. பரிந்துரைக்கப்பட்ட முறை பொறுப்பின் பெரும்பகுதியைச் சாரதிகளிடமிருந்து எடுத்துவிடும் என்றும், அதனால் விபத்து குறைவதற்குப் பதிலாகக் கூடக்கூடும் என்றும் பணிப்பாளர் சபை அஞ்சுவதாக அதன் செயலாளர் எழுதினார். சாரதி தன் கண்ணை நம்பி, தன் உயிருக்கு அஞ்சி வண்டியைச் செலுத்துவதே சிறந்த பாதுகாப்பு என்பது இதன் உட்கருத்து. இக்கடிதம் சுரங்கத்தினுள் 23 பேர் இறந்த பின்னர் எழுதப்பட்டது என்பதையும், அச்சுரங்கத்தினுள் எந்தச் சாரதியாலும் எதனையும் கண்டிருக்க இயலாது என்பதையும் இங்கு நினைவுகூர்தல் தகும்.

இவ்வாதத்தைப் பணிப்பாளர்கள் புதிதாகக் கண்டுபிடித்தனர் எனக் கூறுவதற்கில்லை. நீதிமன்றங்கள் அதற்கு முன்னரே வழிகோலியிருந்தன. 1837இல் இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட பிறீஸ்ற்லி எதிர் பவ்லர் என்னும் வழக்கும், 1842இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் தீர்க்கப்பட்ட பார்வெல் வழக்கும் 'உடன்வேலையாள்' கோட்பாட்டுக்கு அடித்தளமிட்டன. பிந்திய வழக்கில் வாதி ஒரு புகையிரதச் சாரதி. தண்டவாளத்தை மாற்றிவிடும் வேலையாளின் கவனயீனத்தால் வண்டி தடம்புரண்டு அவர் கையை இழந்தார். கம்பனி நட்டஈடு கொடுக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்த பிரதம நீதியரசர் லெமுவெல் ஷோ, தொழிலின் ஆபத்து கூலியில் ஏற்கெனவே அடங்கியுள்ளது என்றும், தொழிலாளர் ஒருவரையொருவர் கண்காணிக்கத்தக்க நிலையில் இருப்பதால் நட்டத்தை அவர்கள்மீது சுமத்துவதே எல்லோருடைய பாதுகாப்பையும் வளர்க்கும் என்றும் நியாயங் காட்டினார். எழுபது மைலுக்கு அப்பால் வேலைசெய்பவனைச் சாரதி எவ்வாறு கண்காணிப்பான் என்ற வினாவுக்கு அத்தீர்ப்பில் திருப்தியான விடையில்லை. எனினும் கைத்தொழில் முதலாளித்துவம் தன் ஆரம்பநிலையில் இருந்த அந்நாட்களில் அது இரு நாடுகளிலும் ஏற்புடைத்தாயிற்று. பொறுப்பு என்ற சொல் அறநூலிலிருந்து கணக்கேட்டுக்கு இடம்பெயர்ந்த கதை இது எனலாம். பிரித்தானியாவில் 1880, 1897 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் அக்கோட்பாட்டின் வலிமையைப் படிப்படியாகக் குறைத்தன.

1865 ஜூன் 9ஆந் திகதி ஸ்ரேபிள்ஹேர்ஸ்ற்றில் நிகழ்ந்த விபத்து, நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கன்ஸ் அவ்வண்டியிற் பயணஞ் செய்தமையால் இலக்கிய மாணவருக்கும் அறிமுகமானது. பாலமொன்றின் மரத்தாங்கிகளை மாற்றுவதற்காகத் தண்டவாளத்தைக் கழற்றியிருந்த மேற்பார்வையாளர், துறைமுகத்திலிருந்து வரும் வண்டியின் நேரத்தைத் தவறாக வாசித்துவிட்டார். பத்துப் பேர் இறந்தனர். அவர் சிறை சென்றார். ஆனால் அவ்வண்டியின் நேரம் நாள்தோறும் வேறுபடும். கப்பல் வருவது கடலின் வற்றுப்பெருக்கைப் பொறுத்தது. அட்டவணையில் அடுத்த நாளின் வரியை வாசிப்பதற்கு ஒரு விரலளவு பிசகே போதுமானது. எச்சரிக்கைக் கொடியுடன் ஆயிரம் யார் தூரத்தில் நிற்கவேண்டியவரும் 554 யார் தூரத்திலேயே நின்றார். வேகமாக வரும் வண்டியை நிறுத்த அத்தூரம் போதவில்லை. இரு கவனயீனங்கள் உண்மையே. எனினும், பாலத்தில் தண்டவாளம் இல்லை என்பதை அறிந்தவர்கள் அங்கு வேலைசெய்த சிலர் மட்டுமே. அச்செய்தி எந்த நிலையத்துக்கும் எந்தச் சமிக்ஞைக்கும் செல்லத் தேவையில்லை என்றிருந்த ஒழுங்கை எந்த யூரரும் விசாரிக்கவில்லை.

சில விபத்துக்கள் வேறுவகையான பலனைத் தந்தன. 1874 செப்டெம்பர் 10ஆந் திகதி இரவு, நொறிச் நகருக்கு அண்மையிலுள்ள தோர்ப் என்னுமிடத்தில், ஒற்றைப் பாதையில் எதிரெதிராக விடப்பட்ட இரு வண்டிகள் மோதி 25 பேர் இறந்தனர். அதிகாரியின் கையொப்பமின்றி ஒரு தந்தி அனுப்பப்பட்டதும், அதனை மீளப்பெற முனைகையில் வண்டி புறப்பட்டுவிட்டதும் இதற்குக் காரணங்கள். இதனையடுத்து எட்வேட் ரயர் என்பவர் வடிவமைத்து 1878இல் உரிமம் பெற்ற தகட்டுக் கருவி, இத்தகைய பிழைக்கு இடமில்லாமற் செய்தது. அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் உள்ள கருவிகள் மின்கம்பியால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கும். இரு நிலைய அதிபர்களும் ஒருங்கே இசைந்தால் மட்டும் ஒரு கருவியிலிருந்து ஒரு வட்டத் தகடு வெளிவரும். அத்தகடு மீண்டும் ஏதாவதொரு கருவியினுள் இடப்படும்வரை இரண்டாவது தகட்டை எந்த முனையிலிருந்தும் எடுக்க முடியாது. கையில் தகடில்லாத சாரதிக்கு அப்பாதையிற் செல்ல உரிமையில்லை. இலங்கையின் மலைநாட்டுப் பாதையிற் பயணஞ் செய்தோர், நிலைய ஊழியர் ஒருவர் பெரிய வளையமொன்றைச் சாரதியிடம் நீட்டுவதையும், சாரதி மற்றொன்றை அவரிடம் கொடுத்துச் செல்வதையும் கண்டிருப்பர். அவ்வளையத்திற் கட்டிய பையினுள் இருப்பது அத்தகடே. சாரதியின் பொறுப்பை இக்கருவி அகற்றிவிட்டது என எவரும் கூறார். தகடின்றிப் புறப்படலாகாது என்ற பொறுப்பு அவருடையதே. நினைவில் மட்டும் தங்கியிருந்த பொறுப்புக்குக் கையிற் பிடிக்கத்தக்க ஓர் உருவத்தை அது கொடுத்தது.

ஆயினும் பயணிகள் வண்டிகள் அனைத்துக்கும் பொதுவான கட்டாயம் எதுவும் 1889 வரை இருக்கவில்லை. 1870களில் இயற்றப்பட்ட சட்டங்கள், எவ்வளவு தூரத்துக்குப் புதிய முறைகளைப் புகுத்தியுள்ளோம் என்று ஆண்டுதோறும் அறிக்கை தருமாறு மட்டுமே கம்பனிகளைக் கேட்டன. வெட்கம் வேலைசெய்யும் என்பது பாராளுமன்றத்தின் எதிர்பார்ப்பு போலும். தானியங்கும் பிறேக்கு அப்பொழுது புதுமையானதன்று. வெஸ்ரிங்ஹவுஸ் அதனை 1872ஆம் ஆண்டளவில் உருவாக்கியிருந்தார். 1875இல் நியூவாக் என்னுமிடத்திற் பல்வேறு பிறேக்குகளும் பகிரங்கமாகப் பரீட்சிக்கப்பட்டன. குழாய் துண்டிக்கப்பட்டால் அல்லது வண்டி இரண்டாகப் பிரிந்தால் தானாகவே சக்கரங்களை இறுக்குவது இதன் சிறப்பு. இதற்கு மாறாக, மலிவான சாதாரண வெற்றிடப் பிறேக்கு, குழாய் துண்டிக்கப்பட்டதும் செயலற்றுவிடும். அதாவது மிகத் தேவையான வேளையில் இல்லாமற்போகும்.

1889 ஜூன் 12ஆந் திகதி அயர்லாந்தின் ஆர்மா நகரிலிருந்து ஞாயிறு பாடசாலை மாணவர்களும் பெற்றோருமாக ஏறத்தாழ 940 பேர் கடற்கரைச் சுற்றுலாவொன்றுக்குப் புறப்பட்டனர். எதிர்பார்த்ததிலும் கூட்டம் பெருகியதாற் பெட்டிகள் மேலும் இணைக்கப்பட்டுப் பதினைந்தாயின. சாரதி ஆட்சேபித்தார், ஆட்சேபம் ஏற்கப்படவில்லை. நகருக்கு வெளியே எழுபத்தைந்துக்கு ஒன்று என்ற செங்குத்தான ஏற்றத்தில், உச்சிக்குச் சற்றுக் கீழே, வண்டி நின்றுவிட்டது. முன்பகுதியைக் கழற்றி அடுத்த நிலையத்தில் விட்டபின் மீண்டு வந்து எஞ்சியதைக் கொண்டுசெல்வது எனப் பொறுப்பாயிருந்த அலுவலர் தீர்மானித்தார். வண்டியில் இருந்தது சாதாரண வெற்றிடப் பிறேக்கு. குழாயைப் பிரித்தவுடன் பின்னாலுள்ள பத்துப் பெட்டிகளையும் பிடித்து நிறுத்த எஞ்சியவை கடைசிப் பெட்டியின் கைப்பிறேக்கும், சக்கரங்களின் கீழ் வைக்கப்பட்ட சில கற்களுமே. இயந்திரம் புறப்படுகையில் முன்பகுதி சற்றுப் பின்னே தட்டியது. கற்கள் நொறுங்கின. பத்துப் பெட்டிகளும் சரிவிற் பின்னோக்கி ஓடத் தொடங்கின. பயணச்சீட்டில்லாதோர் ஏறாதிருக்கப் பெட்டிகளின் கதவுகள் பூட்டப்பட்டிருந்தன. அப்பாதையில் நேர இடைவெளி முறையே நடைமுறையில் இருந்தமையால், இருபது நிமிடத்துக்குப் பின் விடப்பட்ட வழமையான வண்டி அதே தண்டவாளத்தில் ஏறிக்கொண்டிருந்தது. எண்பது பேர் வரையில் இறந்தனர். அவர்களுட் பலர் சிறுவர்கள்.

வண்டியைப் பிரிக்கப் பணித்த அலுவலர்மீது வழக்குத் தொடரப்பட்டது. இறுதியில் அவர் விடுவிக்கப்பட்டார். அவருடைய தீர்மானம் தவறானது என்பதில் ஐயமில்லை. பின்னால் வரும் வண்டியைக் காத்திருந்து, அதன் இயந்திரத்தைக் கொண்டு தள்ளுவித்திருக்கலாம். ஆயினும் அவர் செய்தது எந்த ஊழியரும் ஏதோ ஒரு நாளிற் செய்யக்கூடிய தவறு. தானியங்கும் பிறேக்கு இருந்திருப்பின் அது அரைமணிநேரத் தாமதத்தோடு முடிந்திருக்கும். இம்முறை பாராளுமன்றம் தயங்கவில்லை. தூர இடைவெளி முறை, தண்டவாள மாற்றிகளும் சமிக்ஞைகளும் ஒன்றையொன்று பூட்டும் அமைப்பு, பயணிகள் வண்டிகளுக்குத் தானியங்கும் தொடர்பிறேக்கு ஆகிய மூன்றையும் கட்டாயமாக்கிய சட்டம் ஆகஸ்ட் 30ஆந் திகதி நிறைவேறிற்று. கிளேற்றன் விபத்துக்குப் பின் 28 ஆண்டுகளாக ஆராயப்பட்டுக்கொண்டிருந்தது, ஆர்மா விபத்தின் பின் 79 நாட்களில் முடிந்தது. சுரங்க வாயிலில் 24 மணிநேரம் நின்ற சமிக்ஞையாளரின் பிரச்சினைக்கு இன்னும் நான்காண்டுகள் தேவைப்பட்டன. புகையிரத ஊழியரின் வேலைநேரம் பற்றிய சட்டம் 1893இலேயே வந்தது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பையும் ஆராய்தல் வேண்டும். அமைப்பு எத்துணைச் சிறந்ததாயினும் அதனைக் கையாள்வோர் மனிதரே. அவர்கள் கடமை தவறினால் எந்தப் பொறியாற் பயன்? இம்மறுப்பை எளிதிற் புறந்தள்ள இயலாது. 1915 மே 22ஆந் திகதி ஸ்கொத்லாந்தின் எல்லையை அடுத்த குவின்ரின்ஷில்லில் நடந்தது அதற்கு வலுவான சான்று. அங்கிருந்த சமிக்ஞையாளர் இருவரும் தமக்குள் ஓர் இணக்கம் செய்திருந்தனர். காலை ஆறு மணிக்கு வரவேண்டிய பகற்காவலர், உள்ளூர் வண்டியில் வசதியாக ஏறி ஆறரை மணியளவில் வருவார். அந்த இடைவேளைப் பதிவுகளை இராக்காவலர் ஒரு காகிதத் துண்டில் எழுதிவைப்பார்; வந்தவர் தம் கையெழுத்திற் பதிவேட்டிற் பிரதிசெய்வார். அன்று அவர் வந்த அதே உள்ளூர் வண்டி, கூடத்துக்கு எதிரே பிரதான பாதையில் நிறுத்தப்பட்டிருந்தது. பாதை அடைபட்டிருப்பதை நினைவூட்ட நெம்புகோலில் மாட்டவேண்டிய வளையம் மாட்டப்படவில்லை. அவ்வண்டியின் ஊழியர் ஒருவர் விதிப்படி கூடத்துக்கு வந்து பதிவேட்டிற் கையொப்பமிட்டார். ஆனால் வளையத்தைச் சரிபார்க்கவில்லை. தாம் இறங்கிவந்த வண்டியையே மறந்து, பகற்காவலர் இராணுவ வண்டியொன்றுக்கு வழிவிட்டார். மோதிச் சிதறிய வண்டிகள்மீது மறுதிசையிலிருந்து வந்த கடுகதி வண்டியும் மோதிற்று. ஏறத்தாழ 226 பேர் இறந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் கலிப்பொலிப் போர்முனைக்குச் செல்லவிருந்த படைவீரர்கள்.

கட்டளையிடப்பட்ட பாதுகாப்பு ஒழுங்குகள் அனைத்தும் அங்கு இருந்தன; ஒன்றேனும் கைக்கொள்ளப்படவில்லை. இருவரும் தண்டிக்கப்பட்டனர். ஒருவருக்கு மூன்றாண்டும் மற்றவருக்குப் பதினெட்டு மாதமும் விதிக்கப்பட்டன. தனிமனித பொறுப்பை வலியுறுத்துவோர் இவ்வழக்கை எடுத்துக்காட்டுவது நியாயமானதே. ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. தண்டவாளத்தில் வண்டி நிற்பின் அதன் சக்கரங்களே மின்னோட்டத்தை இணைத்துச் சமிக்ஞையைப் பூட்டிவிடும் தண்டவாள மின்சுற்று, 1872இலேயே அமெரிக்காவில் உரிமம் பெற்றது. 1910இல் ஹோஸ் சந்தியில் இதேபோன்ற மறதியாற் பன்னிருவர் இறந்த பின்னர் மிட்லன்ட் கம்பனி அதனைப் பல இடங்களிற் பொருத்தியது. குவின்ரின்ஷில்லில் அது இருக்கவில்லை. இராணுவ வண்டியின் பெட்டிகளோ பழைய மரப்பெட்டிகள். அவற்றின் கீழ் விளக்கெரிப்பதற்கான வாயுக் கலங்கள் இருந்தன. 213 யார் நீளமான வண்டி 67 யாராக நெரிந்தபின், எரிந்துகொண்டிருந்த இயந்திரத் தணலுடன் அவ்வாயு சேர்ந்தது. வாயுவிளக்கின் ஆபத்து 1910இலும் 1913இலும் நடந்த விபத்துக்களில் ஏற்கெனவே வெளிப்பட்டிருந்தது. மோதலை ஏற்படுத்தியது அவ்விருவரின் கவனயீனம். அது மூட்டிய தீக்கு விறகாயிருந்தவை, அவர்கள் ஒருபோதும் தெரிவுசெய்யாத பெட்டிகள். பெட்டிகளைத் தெரிவுசெய்தோர் எவரும் குற்றவாளிக்கூண்டில் ஏறவில்லை. சிறையிலிருந்து விடுபட்ட பின்னர் இருவருக்கும் அதே கம்பனி வேறு வேலை கொடுத்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. அதற்கு இரக்கம் மட்டுமா காரணம் என்பது வேறு விடயம்.

பொறி மனிதனைச் சோம்பேறியாக்கும் என்ற பழைய அச்சம் இருபதாம் நூற்றாண்டிலும் மறையவில்லை. சாரதி எச்சரிக்கைச் சமிக்ஞையைக் கடந்தால் ஒலியெழுப்பி, அவர் கவனியாவிடின் பிறேக்கை இயக்கும் கருவியை கிறேற் வெஸ்ரேன் கம்பனி 1906இலிருந்து படிப்படியாகப் புகுத்தியது. ஏனைய கம்பனிகள் பெரும்பாலும் பின்பற்றவில்லை. அதற்குச் செலவும் ஒரு காரணம். சாரதியின் விழிப்பு மழுங்கும் என்பதும் சொல்லப்பட்ட காரணம். 1952 ஒக்ரோபர் 8ஆந் திகதி ஹறோ நிலையத்தில் இரவுக் கடுகதியொன்று அபாயச் சமிக்ஞைகளைக் கடந்து சென்று மோத, 112 பேர் இறந்தனர். அதன் சாரதியும் இறந்தமையால் அவர் ஏன் கடந்தார் என்பதை எவரும் அறியார். அரைநூற்றாண்டு அனுபவம் பெற்ற கருவி நாடெங்கும் பரவுவதற்கு அம்மரணங்கள் உந்துதலளித்தன.

1988 டிசெம்பர் 12ஆந் திகதி இலண்டன் கிளப்பம் சந்தியில் 35 பேர் இறந்த விபத்து இவ்வாதத்தின் வடிவையே மாற்றியது எனலாம். அங்கு சாரதிகள் பிழைவிடவில்லை. பொறியே பொய் சொன்னது. சமிக்ஞைகளைப் புதுப்பிக்கையில் அகற்றியிருக்கவேண்டிய பழைய கம்பியொன்று ஒரு முனையில் இணைந்தபடியே விடப்பட்டது. அது மீண்டும் தொடுகையுற்று, வண்டி நின்ற இடத்துக்குப் பின்னாற் பச்சை விளக்கை எரியவிட்டது. கம்பியை விட்டுவைத்த தொழில்நுட்பவியலாளரை அடையாளங் காண்பது எளிதாயிருந்தது. ஆனால் அன்ரனி ஹிடன் தலைமையிலான விசாரணை அவரோடு நிற்கவில்லை. பதின்மூன்று வாரங்களில் அவர் ஒரேயொரு நாள் மட்டுமே ஓய்ந்திருந்தார். கம்பியை வெட்டிக் கட்டாது விடுவது அவருடைய பல்லாண்டு வழக்கம். அது பிழையென எந்த மேலாளரும் அவருக்குச் சொல்லவில்லை. வேலை முடிந்தபின் இன்னொருவர் செய்யவேண்டிய சோதனையும் ஒழுங்காகச் செய்யப்படவில்லை. 1991இல் பிரித்தானியப் புகையிரதச் சபைக்கு இரண்டரை இலட்சம் பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. கிளேற்றனில் 24 மணிநேரம் நின்றவரையும் இவரையும் அருகருகே நிறுத்திப் பார்க்கையில், 127 ஆண்டுகளில் மாறியது விசாரிப்போரின் கேள்வியே என்பது விளங்கும்.

ஆனால் சட்டம் அதே வேகத்தில் மாறவில்லை. 1987 மார்ச் 6ஆந் திகதி பெல்ஜியத்தின் சீபுறூக் துறைமுகத்திலிருந்து முன்கதவு திறந்தபடியே புறப்பட்ட ஹெரல்ட் ஒவ் பிறீ என்ரபிறைஸ் என்னும் கப்பல் கவிழ்ந்து 193 பேர் இறந்தனர். கதவை மூடவேண்டியவர் உறங்கிவிட்டார். கதவு மூடப்பட்டதா என்பதை மேற்றளத்திலிருந்தே அறிய ஒரு சிறு விளக்கைப் பொருத்துமாறு கப்பற்றலைவர்கள் அதற்கு முன்னரே கேட்டிருந்தனர். கரையிலிருந்த மேலாளருள் ஒருவர், சேவகன் விழித்திருக்கிறானா, நிதானத்தில் இருக்கிறானா என்று பார்ப்பதற்கும் விளக்கு வேண்டுமோ என ஏளனமாகக் குறிப்பெழுதினார். 1861இன் கம்பனிச் செயலாளர் நாகரிகமாக எழுதிய அதே கருத்துத்தான் இது. கம்பனிக்கெதிரான கைமோசக் கொலை வழக்கு 1990இல் வீழ்ந்தது. கம்பனியின் 'மூளை' எனத்தக்க ஒரு தனிமனிதரின் குற்றத்தை நிறுவ வேண்டும் என்று அன்றைய சட்டம் வேண்டி நின்றமையே காரணம். சிறிய கடையின் முதலாளி அவ்வலையில் அகப்படுவார். பல படிநிலைகளைக் கொண்ட பெருங்கம்பனி அகப்படாது. 2007இலேயே இக்குறையை நீக்கும் சட்டம் பிரித்தானியாவில் இயற்றப்பட்டது.

இலங்கையின் புகையிரதப் பாதை இவ்வாதங்கள் உச்சநிலையில் இருந்த 1860களிலேயே அம்பேபுஸ்ஸைக்கும் பின் கண்டிக்கும் அமைக்கப்பட்டது. வண்டியும் வண்டியும் எதிர்ப்படாதிருப்பதற்கு அங்கு கையாளப்பட்டவை பிரித்தானியர் பெருவிலை கொடுத்துப் பெற்ற முறைகளே. வண்டியும் வீதியும் சந்திக்கும் கடவைகளின் நிலை வேறு. 2005 ஏப்ரல் 27ஆந் திகதி பொல்காவலைக்கு அண்மையில் யாங்கல்மோதரைக் கடவையில், வண்டி வருமுன் கடந்துவிட முயன்ற பஸ் ஒன்றைப் புகையிரதம் மோதியதில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பஸ் மற்றொரு பஸ்ஸுடன் போட்டியிட்டு ஓடியதாகவே கூறப்பட்டது. சாரதியின் குற்றத்தைக் குறைத்துக் கூறுவதற்கு இடமில்லை. ஆனால் அப்போட்டிக்கும் ஒரு வரலாறுண்டு. 1958இல் தேசியமயமாக்கப்பட்ட பஸ் சேவையில் 1970களின் இறுதியில் மீண்டும் தனியார் அனுமதிக்கப்பட்டனர். அவர்களுட் பலரின் வண்டிகளிற் சாரதிக்கும் நடத்துனருக்கும் நிலையான மாதச் சம்பளம் கிடையாது. அன்றைய வசூலே அவர்களின் கூலியைத் தீர்மானித்தது. முன்னே செல்லும் பஸ்ஸே தரிப்பில் நிற்கும் பயணியை ஏற்றிச் செல்லும். ஒரு கடவையில் மூன்று நிமிடம் காத்திருப்பவர் அடுத்த தரிப்புக்களின் வருவாயை இழப்பார். பிறைற்றனில் மூன்று வண்டிகளை ஏழு நிமிடத்தில் அனுப்பியதைப் போன்றே இதுவும் சிலர் வகுத்து, சிலர் அனுமதித்து, பலர் அறிந்திருந்த ஓர் ஒழுங்கு.